புரொசீஜரின் பதில் ஸ்கிரிப்டின் கைக்கு வந்த வரலாறு

தரவுத்தளத்துக்குள்ளேயே ஒரு பெயரில் எழுதிச் சேமித்து, வேண்டும்போது பெயர் சொல்லி ஓடவிடும் எஸ்.கியூ.எல். நிரல்தான் ஸ்டோர்ட் புரொசீஜர். அழைப்பவர் கொடுக்கும் மதிப்புகளை அது வாங்கிக்கொள்ளும். வேலை முடிந்ததும் பதில் மதிப்புகளைத் திருப்பித் தரும். திரும்பி வரும் மதிப்புக்கென்று ஒதுக்கிய இடம் அவுட் பராமீட்டர். அழைப்பவர் திரைக்கு முன்னால் இருக்கும் மனிதராக இருந்தால் பதிலைப் படித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். இரவு 2 மணிக்குத் தானாக ஓடும் ஸ்கிரிப்டால் அப்படிப் படிக்க முடியாது. பதில் அதன் மாறி ஒன்றுக்குள் நேராக வந்து விழவேண்டும். இந்தச் சின்னப் பாதையைச் செப்பனிட 30 ஆண்டுகளுக்கு மேல் சென்றது. அந்த வேலையின் பிற்பகுதியில் ஒரு பங்கு கொழும்பில் நடந்தது.

அவுட் பராமீட்டர் எதற்குத் தேவை என்பதை ஓர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டை வைத்துப் பார்க்கலாம். களுபோவிலையில் இருக்கும் கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை அளவான ஓரிடத்தில் நோயாளிகளைப் பதியும் கவுண்டர் ஒன்றுக்கு மேல் இருக்கும். பதிவு செய்யும் புரொசீஜருக்குள் பெயரும் பிறந்த திகதியும் முகவரியும் போகின்றன. வெளியே வரவேண்டியது பதிவு இலக்கம் ஒன்றுதான். அதைத் தரவுத்தளமே உண்டாக்குகிறது. முதலில் பதிந்துவிட்டு, பிறகு கடைசியாகப் பதிந்த இலக்கம் எது என்று தனியாகக் கேட்டால், அந்த இடைவெளியில் பக்கத்துக் கவுண்டரின் நோயாளி உள்ளே வந்திருப்பார். ஒருவரின் இரத்தப் பரிசோதனை முடிவு இன்னொருவரின் கோப்பில் ஏறிவிடும். ஆகவே பதிவதும் இலக்கம் பெறுவதும் ஒரே அழைப்பில் முடியவேண்டும். இலக்கத்தை ஒற்றை வரி அட்டவணையாகவும் திருப்பி அனுப்பலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஓர் எண்ணுக்காக அட்டவணை ஒன்றைத் திறந்து, வரியைத் தேடி, மூடவேண்டியிருக்கிறது.

தானாக ஓடும் வேலைகள் தரவுத்தளங்களுக்கு மூத்தவை. 1964 இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம் 360 கணினிகளில், ஒரு வேலை முடிந்ததும் அது ஓர் எண்ணை விட்டுச்செல்லும். 0 என்றால் எல்லாம் சரி, 4 என்றால் எச்சரிக்கை, 8 உம் அதற்கு மேலும் பிழை என்பது வழக்கம். அடுத்த வேலை ஓடலாமா கூடாதா என்பதை அந்த எண்ணைப் பார்த்து இயக்கமுறைமை தீர்மானித்தது. யுனிக்ஸ் இயக்கமுறைமையும் இதே மரபை எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த எண்ணுக்கு 8 பிட் இடம் மட்டும் கொடுத்து, 0 முதல் 255 வரை என்று சுருக்கிவிட்டது. வேலை நடந்ததா இல்லையா என்று சொல்ல அது தாராளம். என்ன விடை வந்தது என்று சொல்ல அது போதாது. பின்னால் வந்த பல தொல்லைகளுக்கு இந்த 8 பிட்தான் வேர்.

விடையைத் திருப்பித் தரும் பராமீட்டர் என்ற எண்ணமோ நிரல்மொழிகளிலிருந்து வந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக உருவாகி 1983 இல் தரப்படுத்தப்பட்ட ஏடா மொழி, பராமீட்டர்களை மூன்று வகையாகப் பிரித்தது: உள்ளே போவது, வெளியே வருவது, இரண்டும் செய்வது. எஸ்.கியூ.எல். பிறந்தபோது இதில் ஒன்றும் இல்லை. எட்கர் கொட் 1970 இல் முன்வைத்த உறவுமுறைத் தரவு மாதிரியை வைத்து, டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பொய்ஸும் 1974 இல் எழுதிய மொழி கேள்வி கேட்கவும் அட்டவணையாகப் பதில் பெறவும் மட்டுமே ஏற்றது. ஏன், எப்போது, எந்த வரிசையில் என்பதெல்லாம் வெளியே இருக்கும் நிரலின் பொறுப்பாக இருந்தது.

அந்தப் பொறுப்பைத் தரவுத்தளத்துக்குள் கொண்டுவந்து பெரிய சந்தையில் விற்றது சைபேஸ். மார்க் ஹொஃப்மனும் பொப் எப்ஸ்டைனும் 1984 இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய கொம்பனி அது. எப்ஸ்டைன் அதற்கு முன் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இங்கிரெஸ் தரவுத்தளத் திட்டத்திலும், தரவுத்தளத்துக்கென்றே தனி இயந்திரம் செய்த பிரிட்டன் லீ கொம்பனியிலும் இருந்தவர். 1987 இல் வெளிவந்த சைபேஸ் எஸ்.கியூ.எல். சேர்வரில் ஸ்டோர்ட் புரொசீஜர்கள் மையமான வசதி. அதற்குக் காரணம் வலையமைப்பு. மேசைக் கணினி ஒரு பக்கம், சேர்வர் மறுபக்கம் என்றான பிறகு, பத்து எஸ்.கியூ.எல். கட்டளைகள் என்றால் பத்துத் தடவை கம்பியில் போய் வரவேண்டும். புரொசீஜர் ஒன்றை அழைத்தால் ஒரே தடவையில் முடிந்தது.

சைபேஸின் டிரான்சாக்ட் எஸ்.கியூ.எல். மொழியில் ஒரு புரொசீஜர் மூன்று வழிகளில் பதில் சொல்லும். அட்டவணைகளாகச் சொல்லலாம், சரியா பிழையா என்ற ஒரு முழு எண்ணாகச் சொல்லலாம், அவுட்புட் என்று குறித்த பராமீட்டர்கள் வழியாகச் சொல்லலாம். மூன்றாவது வழியில் ஒரு விசித்திரம் உண்டு. அவுட்புட் என்ற சொல்லைப் புரொசீஜரை எழுதும்போது போட்டால் மட்டும் போதாது, அழைக்கும்போதும் போடவேண்டும். அழைப்பில் அது விடுபட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. புரொசீஜர் ஒழுங்காக ஓடும், நோயாளியும் பதியப்படுவார், ஸ்கிரிப்டின் மாறி மட்டும் முன்பிருந்தபடியே வெறுமையாக இருக்கும். சத்தமில்லாமல் தவறுவது தானியங்கி வேலைக்கு மிகக் கெட்ட குணம். இந்த ஒரு சொல்லை அழைப்பில் கட்டாயமாக்கியிருந்தால் எத்தனையோ இரவு வேலைகள் தப்பியிருக்கும்.

1988 இல் மைக்ரோசொஃப்டும் ஆஷ்டன் டேட்டும் சைபேஸுடன் கைகோத்தன. அடுத்த ஆண்டு ஓ.எஸ்.2 கணினிகளுக்கு மைக்ரோசொஃப்ட் எஸ்.கியூ.எல். சேர்வரின் முதற் பதிப்பு வந்தது. 1990களின் நடுவில் இரு கொம்பனிகளும் பிரிந்தாலும் மொழியும், கம்பியில் தரவு போகும் டி.டி.எஸ். நெறிமுறையும் இருவருக்கும் பொதுவான மரபாகவே நின்றன. அந்த நெறிமுறையில் அவுட் பராமீட்டர்களின் மதிப்பு எல்லா அட்டவணைகளுக்கும் பின்னால் வருகிறது. எனவே அட்டவணைகளை முழுதும் வாசித்து முடிக்காமல் பராமீட்டரைக் கேட்டால் வெறுமைதான் கிடைக்கும். புரொசீஜருக்குள் எங்கோ ஒரு கட்டளை எத்தனை வரி மாறியது என்று அறிவிக்கும் எண்ணிக்கைச் செய்தியும் இடையில் வந்து நின்று, தரவுத்தளத்தோடு பேச நிரல்கள் பயன்படுத்தும் சில நூலகங்களைக் குழப்பியது. புரொசீஜரின் முதல் வரியிலேயே எண்ணிக்கை அறிவிப்பை நிறுத்தும் பழக்கம் இதனால் வேரூன்றியது. இன்று காரணம் தெரியாமலேகூட அதை எழுதுகிறார்கள்.

ஒரக்கிள் வேறு வழியில் வந்தது. 1988 இல் ஆறாம் பதிப்போடு அறிமுகமான பி.எல். எஸ்.கியூ.எல். மொழி, ஏடாவின் சாயலில் எழுதப்பட்டது. 1992 இன் ஏழாம் பதிப்பில் புரொசீஜர்கள் தரவுத்தளத்துக்குள்ளேயே சேமிக்கப்பட்டபோது, ஏடாவின் மூவகைப் பராமீட்டர்களும் அப்படியே வந்துசேர்ந்தன. சைபேஸின் அவுட்புட் பராமீட்டர் உள்ளேயும் மதிப்புக் கொண்டுபோகும். ஒரக்கிளின் அவுட் பராமீட்டர் புரொசீஜருக்குள் நுழையும்போது வெறுமையாகத்தான் நுழையும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிய ஸ்கிரிப்டுகள் இங்கே தடுக்கி விழுந்தன. 1996 இல் எஸ்.கியூ.எல். புரொசீஜர்களுக்கான சர்வதேசத் தரம் வந்தபோது அதுவும் மூவகைப் பிரிவைத்தான் ஏற்றது.

தரவுத்தளத்தின் பக்கம் இப்படி ஒழுங்கானாலும் ஸ்கிரிப்டின் பக்கம் வெறுங்கையாகவே இருந்தது. யுனிக்ஸ் ஷெல்லுக்குத் தெரிந்தவை இரண்டு: ஒரு நிரல் திரையில் எழுதும் எழுத்து, முடியும்போது விட்டுச்செல்லும் எண். சைபேஸோடு வந்த ஐ.எஸ்.கியூ.எல். கருவி அவுட் பராமீட்டரைத் திரையில் அச்சிடும். மேலே திரும்பிய நிலை 0 என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி, அதன் கீழே திரும்பிய பராமீட்டர்கள் என்று ஒரு தலைப்பு, பிறகு கோடு, பிறகு மதிப்பு. மனிதக் கண்ணுக்கு அது அழகு. ஸ்கிரிப்ட் அந்த எழுத்தைக் கிரெப், ஆக் போன்ற கருவிகளால் வெட்டி, கோட்டுக்குக் கீழே உள்ள வரியைப் பிரித்தெடுக்கவேண்டியிருந்தது. வழக்கமான அகலம் 80 எழுத்து என்பதால் நீண்ட மதிப்புகள் மடிந்து அடுத்த வரிக்குப் போகும், வெட்டும் ஒழுங்கு அன்றைக்கே உடையும்.

இதைச் சுற்றிப்போக இன்னொரு வழி கண்டார்கள்: விடையையே முடிவு எண்ணாக்குவது. மைக்ரோசொஃப்டின் கருவிகளில் வெளியேறும் கட்டளைக்கு அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்வி கொடுத்தால், அதன் பதிலின் கடைசி வரியிலுள்ள எண் நிரலின் முடிவு எண்ணாகும். ஒரக்கிளின் எஸ்.கியூ.எல். பிளஸ் கருவியிலும் ஒரு பிணைப்பு மாறியில் அவுட் பராமீட்டரை வாங்கி, அந்த மாறியோடு வெளியேறலாம். விண்டோஸில் 32 பிட் எண் முழுதாக வந்துசேரும், பிரச்சினை இல்லை. யுனிக்ஸில் அந்தப் பழைய 8 பிட் வாசலில் தலை இடிக்கும். 256 ஆல் வகுத்த மீதிதான் உள்ளே வரும். ஆஸ்பத்திரிப் பதிவு இலக்கம் 51,200 ஆனால் ஷெல் 0 என்று வாசிக்கும். அடுத்த நோயாளியின் 51,201 ஷெல்லுக்கு 1, அதாவது பிழை.

இதைவிட மோசமானது பிழை எண்களையே இப்படி வெளியே அனுப்பியது. பிழை நேர்ந்தால் அதன் எண்ணோடு வெளியேறு என்று எஸ்.கியூ.எல். பிளஸ் ஸ்கிரிப்டின் தலையில் எழுதிவைப்பது பரவலான வழக்கம். ஒரக்கிளில் 1536 ஆம் பிழை, ஒதுக்கிய சேமிப்பு இடம் தீர்ந்துவிட்டது என்று சொல்வது. 1536 என்பது 256 இன் ஆறு மடங்கு, மீதி 0. ஆக, இடம் தீர்ந்து தரவு ஏறாமல் போன இரவில்தான் ஸ்கிரிப்ட் எல்லாம் சரி என்று அறிக்கை எழுதும். அனுபவசாலிகள் பிழை எண்ணை அனுப்புவதை விட்டு, எந்தப் பிழையானாலும் 1 என்று மட்டும் வெளியேறக் கற்றுக்கொண்டது இதனால்தான்.

இவையெல்லாம் தனிப்பட்ட நிரலாளர்களின் தொல்லையாக மட்டும் நிற்கவில்லை. கொழும்பில் அதே ஆண்டுகளில் வங்கிகளுக்கு இடையிலான வேலை தானியங்கி முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. இலங்கை மத்திய வங்கி 1988 இல் காசோலைகளுக்குத் தன்னியக்கத் தீர்வகத்தை நிறுவியது. 1993 இல் வங்கிகளுக்கிடையே பணத்தைக் கோப்புகளாக அனுப்பும் ஸ்லிப்ஸ் முறை வந்தது. 2002 இல் இந்தப் பணிகளை லங்கா கிளியர் நிறுவனம் ஏற்றது. 2006 மே மாதத்தில் காசோலையின் படத்தை மட்டும் அனுப்பித் தீர்வு செய்யும் முறை தொடங்கியது. கொடுத்த காசோலையின் பணம் நாட்டின் எந்த மூலைக்கும் அடுத்த வேலைநாளில் கிடைத்தது. கோப்பு வந்ததா, எத்தனை பதிவு ஏறியது, மொத்தத் தொகை ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குச் சொல்லவேண்டிய உலகம் இது. அந்தச் சிறு பதில்களின் இயல்பான வடிவம் அட்டவணை அல்ல. இரண்டு மூன்று அவுட் பராமீட்டர்கள்.

ஸ்கிரிப்டுக்குக் கை முளைத்தது நூலகங்கள் வந்த பிறகு. 1992 இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட ஓ.டி.பி.சி., எந்தத் தரவுத்தளமானாலும் ஒரே எழுத்துமுறையில் புரொசீஜரை அழைக்க வழி செய்தது. நெளி அடைப்புக்குறிக்குள் கோல் (call) என்று எழுதி, பராமீட்டர் இருக்கும் இடங்களில் கேள்விக்குறி போட்டு, ஒவ்வொரு கேள்விக்குறியும் உள்ளே போவதா வெளியே வருவதா என்று தனியே சொல்லவேண்டும். 1994 இல் டிம் பன்ஸ் எழுதத் தொடங்கிய பேர்ள் மொழியின் டி.பி.ஐ. நூலகம் இதை இரவு வேலைகளின் உலகுக்குக் கொண்டுவந்தது. வெட்டி ஒட்டும் ஷெல் ஸ்கிரிப்டுகளைப் பேர்ள் விழுங்கிய காலம் அது. டி.பி.ஐ.யில் வெளியே வரும் பராமீட்டரைக் கட்டும்போது அதன் மிகப் பெரிய நீளத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் பதில் வருமுன்பே அதற்கான இடத்தை ஒதுக்கவேண்டும். மைக்ரோசொஃப்ட் 2006 இல் வெளியிட்ட பவர்ஷெல் ஸ்கிரிப்டுகளில் அதன் டொட் நெட் நூலகம் வழியாக அழைப்பவர்களும் இதே சுவரில் மோதுகிறார்கள்: எழுத்து வகை அவுட் பராமீட்டருக்கு அளவு கொடுக்க மறந்தால், அளவு 0 செல்லாது என்ற பிழை வரும். சத்தம் போடும் பிழை என்பதால் இது நல்ல பிழை.

ஜாவாவில் 1997 இல் வந்த ஜே.டி.பி.சி., அழைப்புக்கு முன்பே ஒவ்வொரு அவுட் பராமீட்டரின் வகையையும் பதிவு செய்யச் சொன்னது. பெரிய நிறுவனங்களின் மென்பொருளுக்கு இது பொருந்தியது. ஆனால் பராமீட்டர் வெறுமையாக வந்தாலும் முழு எண்ணாகக் கேட்டால் 0 என்றே தரும், வந்தது வெறுமையா என்று இன்னொரு தடவை கேட்டால்தான் உண்மை தெரியும். பைதன் 1999 இல் தனது தரவுத்தள இடைமுகத்தைப் பெப் 249 என்ற ஆவணத்தில் வரையறுத்தபோது, புரொசீஜர் அழைப்பைக் கட்டாயமில்லாத வசதியாக விட்டது. அதைச் செய்துகொடுக்கும் நூலகங்களும் கொடுத்த பட்டியலை மாற்றாமல், அவுட் மதிப்புகள் நிரம்பிய புதிய பிரதியைத்தான் திருப்புகின்றன. பைதனிலிருந்து ஓ.டி.பி.சி. வழியே போகும் பைஓ.டி.பி.சி. இந்த அழைப்பைச் செய்வதே இல்லை. அதனால் மூன்று வரித் தந்திரம் ஒன்று நிலைத்துவிட்டது: முதல் வரியில் ஒரு மாறியை அறிவி, இரண்டாம் வரியில் அதை அவுட்புட் என்று குறித்துப் புரொசீஜரை ஓட்டு, மூன்றாம் வரியில் மாறியை அட்டவணையாகக் கேள். மூன்றையும் ஒரே தொகுதியாக அனுப்பவேண்டும். அவுட் பராமீட்டரை ஒற்றை வரி அட்டவணையாக மாற்றும் இந்த வேலை அழகற்றது, ஆனால் எஸ்.கியூ.எல். சேர்வரில் நிச்சயம் வேலை செய்வது.

திறந்த மூலத் தரவுத்தளங்கள் தாமதமாகத்தான் வந்துசேர்ந்தன. மை எஸ்.கியூ.எல். 2005 ஒக்டோபரில் ஐந்தாம் பதிப்போடு புரொசீஜர்களைக் கொடுத்தது. பதிலை அட் குறி போட்ட மாறியில் வாங்கிப் பிறகு கேட்கவேண்டும். அந்த மாறி ஓர் இணைப்புக்குள் மட்டுமே உயிரோடிருக்கும். ஒரு கட்டளையில் அழைத்துவிட்டு இன்னொரு கட்டளையில் மாறியைக் கேட்கும் ஷெல் ஸ்கிரிப்ட் இரண்டு தனி இணைப்புகளைத் திறக்கிறது, இரண்டாவது எப்போதும் வெறுமையைத்தான் காணும். போஸ்ட்கிரெஸ் 2005 இலேயே ஃபங்ஷன்களில் அவுட் பராமீட்டரை ஏற்றாலும், தனிப் புரொசீஜர்களைக் கொண்டுவர 2018 வரை எடுத்தது. அவற்றில் வெறும் அவுட் வகையை அனுமதித்தது 2021 இல், 14 ஆம் பதிப்பில். இடையே 2013 இல் அதன் கட்டளைக் கருவிக்கு, விடையை நேரே ஸ்கிரிப்ட் மாறியில் வைக்கும் சின்னக் கட்டளை ஒன்று வந்தது. 1980களில் ஐ.எஸ்.கியூ.எல். கருவிக்கு அப்படியொன்று இருந்திருந்தால் இந்த வரலாற்றில் பாதி தேவைப்பட்டிருக்காது.

கொழும்பின் நேரடிப் பங்கு 2005 இல் தொடங்கியது. ஐ.பி.எம். ஆய்வுப்பிரிவில் இணையச் சேவைத் தரங்களில் வேலை செய்த சஞ்சீவ வீரவரண, போல் ஃப்ரீமேன்டிலோடு சேர்ந்து டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் பொறியியல் வேலை கொழும்பிலேயே நடந்தது, நிரல்கள் திறந்த மூலமாக வெளியாயின. அங்கே உருவான டேட்டா சேர்விசஸ் சேர்வர், தரவுத்தளத்தை இணையச் சேவையாக்கும் மென்பொருள். ஸ்கிரிப்ட் தரவுத்தளத்தோடு பேசவே தேவையில்லை, டி.பி.எஸ். என்று முடியும் ஓர் எக்ஸ்.எம்.எல். கோப்பில் புரொசீஜர் அழைப்பை எழுதிவைத்தால் போதும். அதில் ஒவ்வொரு பராமீட்டருக்கும் பெயர், எஸ்.கியூ.எல். வகை, வரிசை எண், பிறகு உள்ளே, வெளியே, இரண்டும் என்ற மூன்றில் ஒன்று குறிக்கப்படும். வெளியே வரும் மதிப்பு, அட்டவணையின் ஒரு நெடுவரிசையைப் போலவே பதிலில் ஒரு பெயருள்ள உறுப்பாகிறது. ஆஸ்பத்திரி உதாரணத்தில் பதிவு இலக்கம் எழுத்துக் குவியலுக்குள் கோட்டுக்குக் கீழே வராது, தன் பெயரோடு தனியாக வரும். தரவுத்தளத்தின் ஓட்டுநர் நிரலும் கடவுச்சொல்லும் ஒவ்வொரு இரவு ஸ்கிரிப்டிலும் இருக்கவேண்டிய தேவையும் போனது. பலருக்கு இதுவே பெரிய ஆறுதல். 2017 இல் இந்த வசதி அந்நிறுவனத்தின் எண்டர்பிரைஸ் இன்டகிரேட்டர் தொகுதிக்குள் சேர்ந்தது.

அதே நிறுவனம் 2017 இல் அறிவித்து, 2019 செப்டெம்பரில் 1.0 பதிப்பாக வெளியிட்ட பலரீனா மொழி, விஷயத்தை நிரல்மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது. எக்ஸ்.எம்.எல். வடிவமைப்பில் பெயர்பெற்ற ஜேம்ஸ் கிளார்க் அதன் வடிவமைப்பாளர்களில் ஒருவர். பலரீனாவின் எஸ்.கியூ.எல். நூலகத்தில் முழு எண்ணுக்கு ஓர் அவுட் பராமீட்டர் வகை, எழுத்துக்கு இன்னொன்று, திகதிக்கு வேறொன்று என்று தனித்தனி வகைகள் உண்டு. அந்த வகையில் ஒரு மாறியை உண்டாக்கி, அழைப்பின் நடுவே பொருத்தி, வேலை முடிந்ததும் மதிப்பைக் கேட்டுப் பெறவேண்டும். கேட்ட வகைக்கு மதிப்பு மாறவில்லை என்றால் பிழைதான் திரும்பும், அந்தப் பிழையைக் கையாளாமல் விட மொழியே அனுமதிக்காது. புரொசீஜர் அட்டவணைகளையும் அனுப்பினால் அவற்றை ஒவ்வொன்றாகக் கடக்க வழியுண்டு. இறுதியில் அழைப்பின் முடிவை மூடவேண்டும். மூடாவிட்டால் பிடித்த இணைப்பு விடுபடாமல் நிற்கும். ஒரு தடவை ஓடி முடியும் ஸ்கிரிப்டில் அது பெரிதாகத் தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை புரொசீஜரை அழைத்துக்கொண்டே ஓயாமல் ஓடும் நிரலில், திறந்துவைத்த இணைப்புகளின் தொகுதி தீர்ந்து அடுத்த அழைப்பு வாசலில் காத்துநிற்கும்.